உங்களுக்குத் தெரியுமா? 12 போர் அதிகம் உதைக்குமா, 20 போரா?

● திருவண்ணாமலை மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் கேட்கும் மனுக்கள் வந்து சேரும் இடம் வேங்கிக்கால். அங்குள்ள ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட நடுவர் என்ற அதிகாரத்தில் ஆட்சியர்தான் உரிமம் தருகிறார். போலீஸ் விசாரணை அறிக்கை வராமல் கோப்பு நகராது. முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். ஆயுதச் சட்டத்துக்கு 2019இல் வந்த திருத்தம் அதை 2 ஆகக் குறைத்தது. உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. உரிமத்தில் 'டி.பி.பி.எல். 12 போர்' என்று இருந்தால் ரெட்டைக் குழல், பின்பக்கம் திறந்து தோட்டா போடும் வகை, குழல் அளவு 12 என்று அர்த்தம். 'எஸ்.பி.எம்.எல்.' என்றால் ஒற்றைக் குழல், வாய்வழியே மருந்து இடிக்கும் வகை. வாங்குபவர் உரிமத்தில் உள்ள போர் எண்ணை வைத்தே உதையையும் கணக்குப் போட்டுவிடுகிறார். அந்தக் கணக்கு பல நேரம் தப்பாகிறது.

● போர் எண் எங்கிருந்து வந்தது? ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒவ்வொன்றும் எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். விட்டம் சுமார் 18.5 மி.மீ. 20 உருண்டைகளாக்கினால் 20 போர், 15.6 மி.மீ. 16 போர் 16.8 மி.மீ., 28 போர் 14 மி.மீ. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 410 மட்டும் இந்த வரிசையில் சேராது. அது நேரடியாக 0.410 அங்குலம், அதாவது 10.4 மி.மீ. பழைய முறையில் எண்ணினால் 67 போர் பக்கம் வரும்.

● துப்பாக்கி ஏன் உதைக்கிறது என்பது பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம்: இயக்க விதிகள். குழலின் வாய்வழியே போகிற எல்லாவற்றின் உந்தமும் எவ்வளவோ அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்கும் பின்னோக்கிக் கிடைக்கிறது. 'எல்லாம்' என்பதைக் கவனியுங்கள். ஈயக் குண்டுகள், அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம், எரிந்த மருந்தின் வாயு, மூன்றும் அதில் சேரும். வாயு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எடை உள்ளது. குண்டுகளைவிட மூன்று மடங்கு வேகத்தில் வெளியே பாயும். 12 போரில் மொத்த உதையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த வாயு தருவது.

● இப்போது கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 3.4 கிலோ எடையுள்ள 12 போர். 28 கிராம் குண்டு, வினாடிக்கு 400 மீட்டர் வேகம். துப்பாக்கி வினாடிக்குச் சுமார் 4.1 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அதன் ஆற்றல் ஏறக்குறைய 28 ஜூல். மூன்று கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்டால் எவ்வளவோ அவ்வளவு.

அடுத்து, 2.7 கிலோ எடையுள்ள 20 போர். 24 கிராம் குண்டு, அதே 400 மீட்டர் வேகம். ஆற்றல் 27 ஜூல் அளவில் வருகிறது. குழல் சிறியது, குண்டும் 4 கிராம் குறைவு. உதையோ கிட்டத்தட்ட அதேதான். பின்னால் வரும் வேகத்தைப் பார்த்தால் 20 போர் முந்துகிறது: வினாடிக்கு 4.4 மீட்டர். அதே 24 கிராம் தோட்டாவை 3.4 கிலோ 12 போரில் போட்டால் 3.6 மீட்டர், 22 ஜூல். மூன்றில் மென்மையாக உதைப்பது இந்த 12 போர்தான்.

20 போரில் 28 கிராம் தோட்டாவும் விற்கிறார்கள். அதைப் போட்டுச் சுட்டால் 30 ஜூலைத் தாண்டி, நாம் முதலில் பார்த்த 12 போரைவிடப் பலமாக உதைக்கும். இங்கே குழலின் விட்டம் எந்தக் கட்டத்திலும் கணக்குக்குள் வரவே இல்லை. வந்தவை மூன்று: வெளியே போன எடை, அதன் வேகம், துப்பாக்கியின் எடை.

● அப்படியானால் 20 போர் உதை குறைவு என்ற பேச்சு எப்படி வந்தது? சிறிய குழலில் பொதுவாகச் சிறிய தோட்டாவைப் போடுவதால் வந்தது. தோட்டாவின் எடை குறைந்தால் உதையும் குறையும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சிறிய குழலுக்குத் துப்பாக்கியையும் இலேசாகச் செய்துவிடுகிறார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்கிற கதை இது.

● ஒரே 12 போருக்குள்ளேயே ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம் உண்டு. போட்டிக்கான 24 கிராம் தோட்டா 22 ஜூல். 76 மி.மீ. நீள மேக்னம் தோட்டாவில் 53 கிராம் குண்டுகூட இருக்கும், அதே 3.4 கிலோ துப்பாக்கியில் அது 80 ஜூலைத் தாண்டும், துப்பாக்கி வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வரும். இரண்டு தோட்டாவின் பித்தளை அடியிலும் பொறித்திருக்கும் எண் 12தான். தோட்டாப் பெட்டியை வாங்கும்போது அதன் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் உள்ள கிராம் கணக்கைப் பாருங்கள். தோளுக்குச் சம்பந்தப்பட்ட எண் அங்கேதான் இருக்கிறது.

● பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பெயரில் ஒரு விதி வழங்குகிறது. துப்பாக்கியின் எடை, அது சுடும் ஈயத்தின் எடையைப் போல் 96 மடங்காவது இருக்க வேண்டும். 28 கிராமுக்கு 2.7 கிலோ, 36 கிராமுக்கு சுமார் 3.5 கிலோ. நூறாண்டுக்கு மேலான விதி; இன்றும் கடைக்காரர்கள் வாயில் வரும். ஆனால் அன்றைய தோட்டாவின் வேகம் குறைவு. இன்றைய வேகத்தில் 28 கிராமை 2.7 கிலோ துப்பாக்கியில் சுட்டால் பின்னுதை வினாடிக்கு 5 மீட்டர் ஆகிறது. வினாடிக்கு 15 அடி, அதாவது சுமார் 4.6 மீட்டரைத் தாண்டினால் தொடர்ந்து சுடுபவருக்குத் தலைவலி வரும் என்பது பழைய பிரிட்டிஷ் வல்லுநர்களின் அனுபவக் கணக்கு. கிரீனர் விதிக்கு மேல் கால் கிலோவோ அரைக் கிலோவோ கூடுதலாக இருந்தால் நல்லது என்பது என் எண்ணம்.

● 410தான் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஏற்றது, உதையே இருக்காது என்பார்கள். 2.5 கிலோ துப்பாக்கியில் 14 கிராம் தோட்டா போட்டால் அது உண்மை, 9 ஜூல்தான். ஆனால் சந்தையில் உள்ள ஒற்றைக் குழல் 410 பலதும் 2 கிலோவுக்கும் குறைவு. 1.8 கிலோ துப்பாக்கியில் மூன்று அங்குலத் தோட்டா, ஏறத்தாழ 20 கிராம் ஈயம் போட்டால் வினாடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் திரும்ப வரும். நம் 12 போரைவிட வேகம்! முதல் நாளே தோளில் வாங்கிய பிள்ளை இரண்டாம் நாள் விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைப் போக்க மாதக்கணக்காகும். புதிதாகக் கற்பவருக்கு எடையுள்ள துப்பாக்கியும் இலேசான தோட்டாவும் கொடுங்கள்; தூக்கிப் பிடிக்கச் சிரமம் என்றால் ஒரு தாங்கியில் வைத்துச் சுடப் பழக்கலாம்.

● போலீஸ் நிலையங்களில் முன்பு இருந்த '410 மஸ்கட்' வேறு, கடையில் விற்கும் 410 வேறு. இராணுவத்தின் 303 என்பீல்டு ரைபிளின் குழலைப் பெரிதாக்கி, வரிப்பள்ளம் இல்லாமல் வழவழப்பாக்கி, போலீசுக்கும் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். ஈசாப்பூர் தொழிற்சாலையில் இந்த மாற்றம் நடந்தது. அதன் தோட்டா 303 தோட்டாவின் உறையிலிருந்து செய்தது. கடைத் துப்பாக்கியில் அதைப் போடக் கூடாது. எண் ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம்.

● ஆற்றல் ஒன்றாக இருந்தும் ஒரு துப்பாக்கி வலிக்கிறது, இன்னொன்று வலிப்பதில்லை. தோளில் படும் பரப்பும் நேரமும்தான் காரணம். வங்கிக்கோ, ஏ.டி.எம்.முக்குப் பணம் நிரப்பவோ வரும் வண்டியோடு ரெட்டைக் குழலை ஏந்தி ஒரு காவலர் இறங்குவார், பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை துப்பாக்கிக் கட்டையின் அடியைக் கவனியுங்கள். பழைய துப்பாக்கிகளில் மரத்தை அப்படியே வெட்டி, கோடு போட்டு விட்டிருப்பார்கள். அல்லது ஒரு மெல்லிய தகடு, இரண்டு திருகாணி. புதியவற்றில் ஓர் அங்குலம் கனமுள்ள ரப்பர் இருக்கும். வெயிலில் நின்று நின்று அந்த ரப்பர் கல்லாக இறுகி, நகத்தால் அழுத்தினால் குழி விழாத நிலையில் பல துப்பாக்கிகள் இருக்கின்றன. அப்படி இறுகிய ரப்பர் மரத்துக்குச் சமம். அந்தக் காவலர்களில் பலர் ஓய்வு பெற்ற இராணுவத்தினர், ஐம்பதைத் தாண்டியவர்கள். ரப்பரை மாற்ற ஆகும் செலவு பெரிதல்ல. அவர்களுடைய முதலாளிகள் இதை யோசிக்க வேண்டும்.

● கென்னத் ஆண்டர்சன் கதைகளைத் தமிழில் படித்தவர்கள் நிறைய பேர். சேலம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர் ரைபிள். 19.4 கிராம் குண்டு, வினாடிக்கு 670 மீட்டர் வேகம். ரைபிளில் மருந்து அதிகம் என்பதால் உதையில் கால் பங்கு வாயுவுடையது. மொத்தம் 40 ஜூல் வரும். அதைவிட மோசம் கட்டையின் அடி. அந்த மாடலில் பலவற்றுக்குப் பிறை போல் வளைந்த குறுகலான இரும்புத் தகடு. அதன் இரு முனையும் தோளில் குத்தும். அதே ஆற்றலை அகலமான ரப்பரில் வாங்கினால் பாதிகூடத் தெரியாது.

● தோளோடு இறுக்கிப் பிடித்தால் வலிக்கும் என்று புதியவர்கள் கட்டையைத் தோளிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடிக்கிறார்கள். இதைவிடத் தப்பான காரியம் கிடையாது. இடைவெளி இருந்தால் 3.4 கிலோவும் தனியே முழு வேகம் எடுத்து வந்து எலும்பில் மோதும். தோள்குழியில் அழுத்தி வைத்தால் உடம்பின் எடையும் துப்பாக்கியோடு சேர்ந்து பின்னால் நகரும். அடி தள்ளலாக மாறிவிடும். இடம் முக்கியம். கையை முன்னால் நீட்டினால் காறை எலும்புக்குக் கீழே, புஜத்துக்கு உள்பக்கம் ஒரு பள்ளம் விழுகிறதே, அங்கே. புஜத்தின் மேல் வைத்துச் சுட்டவருக்கு மறுநாள் அங்கே கருநீலமாகக் கன்றியிருக்கும்.

● கன்னத்தில் அடி விழுந்தால் அது உதையின் குற்றமல்ல, கட்டையின் அளவுக் குற்றம். கட்டை குட்டையாக இருந்தால் கட்டைவிரல் வந்து மூக்கில் இடிக்கும். நீளமாக இருந்தால் அக்குளில் சிக்கும். ரொம்பவும் கீழ்நோக்கி வளைந்த கட்டையில் துப்பாக்கி நேராகப் பின்னால் வராமல் மேல்நோக்கிச் சுழன்று கன்ன எலும்பைத் தட்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கி பேரனுக்கு வரும்போது, தாத்தாவின் கை நீளத்துக்கு வெட்டிய கட்டையும் சேர்ந்தே வருகிறது. நல்ல தச்சரிடம் அரை அங்குலம் கூட்டியோ குறைத்தோ வாங்கிக்கொள்ளலாம். போர் மாற்றுவதைவிட இதில் பலன் அதிகம்.

● தானியங்கித் துப்பாக்கியில் உதை குறைவு என்பது பாதி உண்மை. மருந்து வாயுவில் கொஞ்சத்தை எடுத்துத் தன் இயந்திரத்தை ஓட்டிக்கொள்ளும் வகையில், மொத்த உந்தம் அப்படியே இருக்கிறது. அது தோளுக்கு வந்து சேரும் நேரம் மட்டும் நீள்கிறது. தோளுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

● மருந்து பற்றிக்கொண்டதிலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேற ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு. அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருக்கும் தூரம் வெறும் 6, 7 மி.மீ. நீங்கள் உதையை உணரும்போது குண்டு போய்விட்டது. ஆகவே குறி தவறுவதற்கு அந்த உதை காரணமாக முடியாது. வரப்போகும் உதைக்குப் பயந்து முன்கூட்டியே உடம்பு சுருங்குவதுதான் காரணம். பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுடுபவருக்குத் தெரியாமல் நடுவே ஒரு போலித் தோட்டாவைப் போட்டுவிடுவார்கள். விசையை இழுத்ததும் வெடிக்காது. ஆனால் குழல் முனை கீழே குத்தும். ஒளிக்கவே முடியாது.

● காதை அடைத்துக்கொண்டு சுட்டால் உதை குறைவாகத் தோன்றும். மூளை சத்தத்தையும் அடியையும் ஒன்றாகவே வாங்கிக்கொள்கிறது. 12 போரின் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். காதுக்கு ஒரே முறையில் நிரந்தரச் சேதம் செய்யப் போதுமானது. பஞ்சு வைத்தால் போதாது. தலையில் மாட்டும் உறை வேண்டும்.

● என்.சி.சி.யில் 22 ரைபிள் சுட்ட மாணவர்கள், துப்பாக்கி உதைக்கும் என்பதை நம்ப மாட்டார்கள். நியாயம்தான். 2.6 கிராம் குண்டு, அதற்கு நேர்மாறாகக் கனமான ரைபிள். பின்னுதை ஒரு ஜூலைக்கூட எட்டாது.

● ஜவ்வாது மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் போலீசார் அறிவிப்பதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். ஈழத்தில் இதை 'இடியன்' என்பார்கள். வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, துணி வைத்து இடித்து, பால்ரஸ் குண்டுகளைப் போடும் வகை. இதன் உதையைக் கணக்கிட யாராலும் முடியாது. 28 கிராம் ஈயத்தைத் தள்ளப் புகையற்ற மருந்து ஒன்றரை கிராமுக்குள் போதும். கருமருந்து 5 கிராமுக்கு மேல் வேண்டும். அந்த 5 கிராமும் புகையாகவும் கசடாகவும் முன்னால் பாய்ந்து தன் பங்குக்கு உதைக்கும். அளவு கைக்கணக்கு, ஒரு கை கூடினால் உதை இரட்டிப்பாகும், இன்னொரு கை கூடினால் குழாய் பிளக்கும். குழலும் முறையாகச் சோதித்த எஃகு அல்ல. விரல் போனவர்களும் கண் போனவர்களும் உண்டு. உரிமம் இல்லாதது சட்டப் பிரச்சினை. அதற்கும் முன்னால் இது சுடுபவரின் உயிர்ப் பிரச்சினை.

● மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போன வயிற்றெரிச்சலில் துப்பாக்கி வாங்க நினைக்கும் விவசாயிகளுக்கு: 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம், சுடுவது வனத்துறையினர் வேலை, நில உரிமையாளரின் வேலையல்ல. 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. வேங்கிக்கால் ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளைச் சுடுவதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

● தமிழ்நாட்டில் 12 போரின் உதையை அதிகம் வாங்கிய தோள்களில் ஒன்று பிரித்விராஜ் தொண்டைமானுடையது. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபரில், கைனன் செனாய், சோராவர் சிங் சாந்து ஆகியோருடன் சேர்ந்து டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். டிராப் தகுதிச் சுற்றில் பறக்கவிட்டுச் சுடும் தட்டுகள் 125. ஒவ்வொன்றும் 110 மி.மீ. விட்டம், 105 கிராம் எடை. முதல் குண்டு தவறினால் இரண்டாவது சுடலாம். ஆக 250 தோட்டா வரை ஆகலாம். பயிற்சி நாட்களில் கணக்கு இன்னும் ஏறும். இவ்வளவு சுட்டும் தோள் தாங்குவது எப்படி? சர்வதேச விதி ஈயத்தை 24 கிராமுக்குள் கட்டிப்போட்டிருக்கிறது; துப்பாக்கியோ 4 கிலோவை நெருங்கும். கிரீனரின் 96 மடங்கு இங்கே 160 மடங்கு. அங்கே யாரும் உதையைக் குறைக்க 20 போருக்குப் போவதில்லை.

● மறுகோடிக்கும் ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிறகு ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போன ஒரு துப்பாக்கிக்கு 'பேபி' என்று பெயர். அரைப் பவுண்டு, அதாவது 227 கிராம் வெடிகுண்டைச் சுடும். போர் கணக்கில் அது 2. துப்பாக்கியின் எடை சுமார் 9 கிலோ. மடங்கு பார்த்தால் 40தான் வருகிறது! நல்ல ஆஜானுபாகுவான அவரையே அது சுழற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார்.

● 20 போர் தோட்டா ஏன் மஞ்சள் நிறம்? வீட்டில் 12, 20 இரண்டும் இருந்தால் இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் குழலில் போட்டால் அது கீழே விழுந்துவிடாது. சற்று முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். துப்பாக்கியை மூடி விசையை இழுத்தால் ஊசி எட்டாது, வெடிக்காது. தோட்டா போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்திருக்கும் 20 போர் தோட்டாவோடு மோதி, இடது கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கும். இந்த விபத்தைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் 20 போருக்கு மஞ்சளை ஒதுக்கி, மற்ற அளவுகளுக்கு அந்த நிறத்தைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். 12 போர் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு மஞ்சள் தோட்டாகூட இருக்கக் கூடாது.